எங்களை நோக்கி முன்னால் வந்த அந்தோணி

டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் சாவுச் சேதி வந்தது. துறைமுகத்துக் கூட்டாளி ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "நம்ம அந்தோணி பூட்டாருப்பா" என்றான். பஸ் வந்தது, போனது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

இழுவைக் கப்பல் ஓட்டிய அந்தோணியை ராயபுரத்தில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரையாவது கிண்டல் செய்யாமல் அவருக்கு டீ இறங்காது. நீங்கள் அந்த வாயைப் பற்றிச் சொல்வீர்கள். நான் ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன்.

புயல் கடந்த மறுநாள். பெரிய கப்பலின் வடத்தைக் கரைக்குக் கொண்டுபோகும் படகில் நாங்கள் நாலு பேர். ஈர வடம் துடுப்பில் சுற்றிக்கொண்டு, துறைச் சுவரோரம் படகு மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அந்தோணி தன் கப்பலைக் கரையில் கட்ட வந்தார். வேகம் குறைக்க எஞ்சினை நிறுத்தியிருந்தார். எஞ்சின் நின்றால் கப்பலுக்கு அடியில் சுழலும் விசிறி தள்ளும் தண்ணீர் சுக்கானில் படாது. சுக்கான் சொன்ன பேச்சு கேட்காது. காற்று அடித்த அடியில் கப்பலின் மூக்கு நேராக எங்கள் மேல் திரும்பியது. அவர் சக்கரத்தை முழுக்கச் சுற்றுவது தெரிந்தது. கப்பல் திரும்பவில்லை.

"பின்னால எடு நைனா! பின்னால எடு!" கரையே கத்தியது. நானும் கத்தினேன். எனக்கு நீச்சல் தெரியும். சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் நீச்சல் எதற்கு ஆகும்?

அந்தோணி கீழே எஞ்சின் அறைக்கு மணியடித்தார். எஞ்சின் உறுமியது. பின்னால் அல்ல, முன்னால்! கொல்ல வருகிறான் பாவி என்றே நினைத்தேன். பக்கத்திலிருந்த முனுசாமி கண்ணை மூடிக்கொண்டான்.

விசிறி தள்ளிய தண்ணீர் சுக்கானில் அடித்தது. மூக்கு விலகியது. உடனே சக்கரத்தை மறுபக்கம் சுற்றிக் கப்பலின் பின்பக்கத்தையும் விலக்கினார். எங்கள் துடுப்பை முறித்துக்கொண்டு இரும்பு கடந்து போனது.

கரையேறியதும் அவர் சட்டையைப் பிடித்தேன். "இன்னா நைனா, சாவடிக்கப் பாத்தியா?"

"பின்னால எட்த்திருந்தா அந்தத் தூரத்துல நின்னிருக்காது. தண்ணி பட்டாத்தான் சுக்கான் கேக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "கேக்குமான்னு எனக்கும் தெரியாது மாமு" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

தைரியசாலி என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்கு அந்த நடுக்கம் போதும், அதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

அந்தக் காலைக்குப் பிறகுதான் எனக்குக் கல்யாணம் நடந்தது. நேற்று அடக்கத்துக்கு என் மகளையும் கூட்டிப் போயிருந்தேன். "இவரு யாருப்பா நமக்கு?" என்று கேட்டாள். அவளைத் தூக்கி இறுக்கிக்கொண்டு அழுதேன்.