புகை தெரிந்தால் வேலை உண்டு

நேற்று சாயங்காலம் டிவியில் ஒரு விவாதம். துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்கள் இனி எஞ்சினை அணைத்துவிட வேண்டுமாம், கரையிலிருந்துதான் கரண்ட் எடுத்துக்கொள்ள வேண்டுமாம், புகை விட்டால் அபராதமாம். மாநில அரசே இதற்கு ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறதாம். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அதற்குள் கரண்ட் போய்விட்டது. நூம்பலில் எங்கள் அடுக்குமாடியின் ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எழுந்து, டீசல் புகையை வீட்டுக்குள் அனுப்பியது. மனைவி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். நானோ மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பாள்.

என்ன செய்ய, என் முதல் வேலையின் வாசனை அது. துறைமுகத்தில் இறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் குமாஸ்தா நான். ஆவடியில் கூடப் படித்தவர்களெல்லாம் அப்பன் வழியில் ஃபேக்டரிக்குள் நுழைய, பரீட்சையில் கோட்டைவிட்ட என்னைக் கடல் பக்கம் தள்ளிவிட்டார்கள். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை.

காலை ரயிலில் ஜப்பார் பாய் கூட வருவார். பூந்தமல்லிக்காரர், ஆவடி வரை சைக்கிள். கப்பலில் அவர் சிக்னல்மேன். கப்பலின் அடிக்கிடங்குக்குள் நடப்பது மேலே கிரேன் ஓட்டுபவருக்குத் தெரியாது, அவருக்குக் கண் பாய்தான். கையால் ஜாடை, அது எடுபடாவிட்டால் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில். எஞ்சின் சத்தம், சங்கிலிச் சத்தம், எங்கள் வசவுச் சத்தம் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு போகும். ஒருநாள் ஆவடி ஸ்டேஷனில், ஓடிவந்துகொண்டிருந்த எனக்காக அவர் அடித்த விசிலில் கார்டே குழம்பிப்போனார்.

ராயபுரம் தாண்டியதும் பெட்டியில் இருக்கும் துறைமுகத் தலைகள் எல்லாம் கிழக்கே திரும்பும். கூரைகளுக்கு மேலே கறுப்பாகப் புகை தெரிந்தால் கப்பல் வந்திருக்கிறது, வேலை உண்டு. முதலில் பார்ப்பவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தர வேண்டும். வானம் சுத்தமாக இருந்தால் பெட்டியே வாயடைத்துப்போகும். வீட்டு அடுப்பு புகைய வேண்டுமென்றால் கப்பல் புகைய வேண்டும், அவ்வளவுதான் எங்கள் கணக்கு. உள்ளே போன கரியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று ஆளுக்கொரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வோம். பாய் தன் பங்கில் பாதியை எனக்குத் தருவார்.

ஒருநாள் காற்றைச் சோதிக்க ஒரு குழு வந்தது. மூச்சு முட்டுகிறதா, கண் எரிகிறதா என்று எங்களிடமும் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் கப்பல்களை வேறு துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு அதற்குள் பரவியிருந்தது. பாய் அப்போதுதான் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார். துண்டால் முகத்துக் கரியைத் துடைத்துவிட்டு அவர்தான் முன்னால் போனார்.

“அடுப்பாண்ட நிக்கிற பொம்பளைக்கு வராத பொகையா சார் எங்களுக்கு வந்துடப் போவுது? நல்லாத்தான் கீறோம்.”

எல்லோரும் தலையாட்டினோம். அன்றைக்கு டீ பாய்க்குத்தான்.

இன்று காலை பூந்தமல்லிக்குப் போயிருந்தேன். பாய்க்கு நுரையீரல் போய்விட்டது. பீடி குடித்தீர்களா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். மனுஷன் வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, மூக்கில் குழாய். அவரும் இப்போது சுவரிலிருந்து கரண்ட் எடுத்துத்தான் மூச்சு விடுகிறார். சட்டம் வருகிற செய்தியைச் சொல்லி, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று திட்டித் தீர்த்தேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்போ கப்பல் நிக்கசொல்ல பொகையே வராதா?”

வராது என்றேன். கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

“அப்ப வேலை கீதான்னு ரயில்ல வர்றவனுக்கு எப்டி நைனா தெரியும்?”

அந்த ரயிலில் இப்போது யாரும் கிழக்கே பார்ப்பதில்லை, எல்லோரும் குனிந்து போனைப் பார்க்கிறார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. சிரித்து மழுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே டம்ளரில் ஸ்பூன் தட்டும் சத்தம் கேட்டது. “அவருதான். ஆளைக் கூப்புடணும்னா இப்ப அதான்” என்றார் அவர் சம்சாரம். திரும்பிப் போனேன்.

“நைனா, அன்னிக்கு அந்தக் குழுவாண்ட நான் அப்டி சொல்லாங்காட்டி, இந்த சட்டம் அப்பவே வந்திருக்குமா?”

“வந்திருக்காது பாய்” என்றேன். அவர் நம்பவில்லை. நானும்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும், பின்னாலிருந்து அந்த விசில் வரும் என்று காது காத்துக்கொண்டே வந்தது.