மாப்பிள்ளையாகப் போன பேரீச்சை

கல்முனையில் மாமியின் வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாக வந்த வருடம், கிணற்றடியில் ஒரு பழைய தயிர்ச்சட்டிக்குள் பச்சை ஈர்க்கு ஒன்று நின்றது. இன்று அது கூரையைத் தாண்டிய மரம். மக்காவுக்கு உம்ராப் பயணம் போய் வந்த யாரோ கொடுத்த பேரீச்சம்பழத்தின் விதை. பழத்தை எல்லாருந்தான் தின்றார்கள். விதையைச் சேலைத் தலைப்பில் முடிந்தவர் என் மனைவியின் உம்மாவான மாமி ஒருவர்தான். தன் கையால் போட்ட மரத்தின் பழத்தில் ஒருநாளாவது நோன்பு துறக்க வேண்டுமாம். தெரு முழுக்கச் சொல்லி வைத்த ஆசை அது.

பேரீச்சையில் ஆண் மரம் காய்க்காது. பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியவும் தெரியாது. மாமிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. எங்கள் கரையில் மகளுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். மூன்று மகள்களைப் பெற்று மூன்று மருமகன்களை வரவேற்ற மாமி, "நமக்கு வாய்ச்சதெல்லாம் பொம்புளப் புள்ளதான்" என்று மீன் கழுவிய தண்ணீரை மரத்துக்கு ஊற்றுவார்.

என் மூத்தவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பாளை வெடித்தது. உள்ளே கோதுமை மாவைப் போல வெள்ளை மகரந்தத் தூள். ஆண் மரமேதான். தெருவே சிரித்தது, சகலன்மாரும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். மாமி கிணற்றடிப் பக்கமே போகவில்லை. வெட்டிவிட்டால் இடமாவது மிஞ்சும் என்று மனைவியின் தங்கை சொன்னதற்கு மட்டும், ஆண் பிள்ளை பிறந்தால் வெட்டிப் போடுவார்களா என்று சுடச்சுடக் கேட்டார்.

அந்தக் கதை எப்படியோ நற்பிட்டிமுனையில் வயல் நிலம் நிறைய வைத்திருக்கும் போடியார் ஒருவரின் காதுக்கு எட்டியது. அவர் வளவில் ஒரு பெண் மரம் வருடாவருடம் பூத்தும் துணையில்லாமல் பிஞ்சு உதிர்க்கிறதாம். உங்கள் மரத்துப் பூவில் கொஞ்சம் தருவீர்களா என்று ஆள் அனுப்பினார். மாமிக்கு உயிர் வந்துவிட்டது. மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கிறார்கள் அல்லவா? பூங்கொத்தை வெள்ளைத் துணியில் சுற்றி, துணிக்கு அத்தரும் தடவி, மடியில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். போடியார் ஏணியில் நின்று அதைப் பெண் பூவுக்குள் செருகிக் கட்டும்போது, கீழே நின்ற மாமி மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

திரும்பும் வழியில் வெறும் துணியை மடித்து மடியில் வைத்திருந்தார். வயல்வெளி முடிகிற இடத்தில் என் பக்கம் திரும்பினார்.

"மருமகன், உங்கட உம்மாவும் உங்கள இப்பிடித்தான் அனுப்பியிருப்பா. நான் ஒருநாளும் அத யோசிக்கல்ல."

 

மாதங்கள் கழித்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாளான அரபா நோன்பன்று பின்னேரம் போடியார் வீட்டிலிருந்து ஒரு தட்டுப் பழம் வந்தது. பாதி மஞ்சள், பாதி செங்காய். மாமி தனக்கென்று ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதியை என் கையில் தந்தார். மாப்பிள்ளையைப் பெற்றவளுக்குத்தான் இது போக வேண்டும், நோன்பு துறக்கும் பாங்குக்கு முன்னே ஓடுங்கள் என்று மருதமுனையிலுள்ள என் உம்மா வீட்டுக்குத் துரத்தினார். உம்மா அதில்தான் நோன்பு துறந்தார். துவர்ப்பில் முகத்தைச் சுளித்தார், கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தார், பிறகு இன்னொன்றையும் எடுத்தார்.

நான் வரும்போது மாமி வாசல் கேற்றடியில் காத்து நின்றார்.

"உம்மா என்ன சொன்னா?"

"நல்ல இனிப்பெண்டு சொன்னா, மாமி."

மாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பொய் சொல்லாதீங்க மருமகன். நானும் ஒண்டு திண்டன்தானே."