இந்துவின் சென்சார்

மூணாறுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்த மாரீஸ்வரி, பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் நான்கு வருடமாக ஒரே ஆராய்ச்சியில் கிடந்தாள். புற ஊதாக் கதிர் பட்டதும், பேட்டரி இல்லாமலே மின்சாரம் தந்து அதைக் காட்டிக்கொடுக்கும் சென்சார் செய்ய வேண்டும். துத்தநாக ஆக்சைடு படலத்தின் மேல், தாள்தாளாக உரியும் இன்னொரு குறைக்கடத்தியை ஒட்ட வேண்டும். இரண்டும் சரியாகத் தொட்டுக்கொண்டால் கதிர் பட்ட இடத்திலேயே மின்சாரம் பிறக்கும். அவள் செய்த அறுபத்துமூன்றில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் இந்து, அதே லேபில் சேர்ந்த ஏழாம் மாதமே அதைச் செய்துவிட்டாள்.

"மாரி, இங்க வந்து பாருங்க!" என்று கைடு நவ்ஷாத் சார் கூப்பிட்டார். திரையில் கோடு விறுவிறுவென ஏறியது. மாரீஸ்வரி கைதட்டினாள். மதியம் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு இந்து சிரித்தாலும் எரிச்சல், சிரிக்காவிட்டாலும் எரிச்சல்.

ஒரு சந்தேகம் மட்டும் இனித்தது. லேபின் புற ஊதா விளக்கில் சாதாரண வெளிச்சமும் கலந்து வருகிறது. சென்சார் அதற்கு ஏமாந்திருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், இந்துவிடம் கேட்காமலே சென்சாரை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள். மின்சாரம் வந்தது. புற ஊதாவை மட்டும் தடுக்கும் தெளிவான ஷீட்டை மேலே பிடித்தாள். வெளிச்சம் குறையவில்லை. மின்சாரம் நின்றுபோனது. கழுத்துத் தோல் காந்தும்வரை நாற்பது தடவை பார்த்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அளவுகளைக் குறித்த தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை அந்தத் தாளை இந்துவின் மேசையில் வைத்தாள்.

"எனக்காக வெயில்ல நின்னீங்களாக்கா?"

"உனக்காக இல்ல. உன்னோடது தப்புன்னு காட்டத்தான் போனேன்."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனுங்க," என்றாள் இந்து. முகம் வாடியிருந்தது.

ஆராய்ச்சிக் கட்டுரை இதழில் வந்தபோது இந்துவின் பெயர் முதலில், மாரீஸ்வரியின் பெயர் இரண்டாவது. வெயிலில் எடுத்த அளவுகளைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

வெட்கத்தை விட்டு, எப்படி ஒட்டினாய் என்று ஒருநாள் மாரீஸ்வரி கேட்டாள். "நீங்க ரொம்ப சூடு பண்றீங்கக்கா. தாளெல்லாம் சுருங்கிப்போகுது," என்று இந்து தன் நோட்டையே கொடுத்தாள். மூன்றாம் வாரம் மாரீஸ்வரியின் சென்சாரும் உயிர் பெற்றது.

ஆனால் அதில் வந்தது, இந்துவுடையதில் வருவதில் பாதி மின்சாரம்தான். அது மாரீஸ்வரிக்கு இன்னும் ஆறவில்லை.