கெல்வினின் கையுறை

நோர்வேயில், எங்கள் குரோருட் வீட்டு நிலவறையைத் துப்புரவாக்கியபோது, உதைபந்தில் கோல் காப்பவர் போடும் ஒரு சோடி கோலிக் கையுறை அகப்பட்டது. ரப்பரும் வியர்வையும் புளித்த மணம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "உந்தக் கையுறையை எறியுங்கோ" என்றாள். நான் இன்னொருமுறை முகர்ந்து பார்த்தேன். அது கெல்வினுடையது.

கெல்வின் டிரினிடாட் தீவுக்காரன். இரண்டாயிரங்களில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் நாங்கள் இருவரும் சட்டி கழுவினோம். அவனுடைய பூட்டன் மதராசில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். தமிழில் மிஞ்சியது முனிசாமி என்ற குடும்பப் பெயர் மட்டும். எங்களுக்குள் பேச்சு நோர்வே மொழியில்தான். எதைத் தொடங்கினாலும் பந்தில் கொண்டுவந்து முடிப்பான். அவன் சிறுவனாக இருந்தபோது, உலகக் கோப்பைக்குப் போக ஒரு சமநிலை போதுமென்று தீவே சிவப்புச் சட்டையோடு மைதானத்துக்குப் போனதாம். ஒரே கோலில் தோற்றார்கள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பான்.

பதினாறு வருடங்களுக்குமேல் காத்திருந்து, அந்தத் தீவு முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆட வந்தது. சுவீடனோடு, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கங்களின் உதைபந்துச் சுற்றுப்போட்டியும் அதே சனிக்கிழமைதான். வடகோடிப் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் மீன் வெட்டியும் விரல் தப்பிய எங்கள் கோலி, கார்க்கதவில் கையை நசித்துக்கொண்டார். மூன்று மணிக்கு முடிந்துவிடும், ஆறு மணிக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கலாம் என்று சொல்லிக் கெல்வினைக் கூட்டிப்போனேன். நானும் வலது ஓரத்தில் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அந்தந்த ஊரவர்தான் ஆடலாம் என்பது விதி. தாயின் ஊரும் செல்லும், பெண் எடுத்த ஊரும் செல்லும். நான் பட்டியலில் முனிசாமி என்று எழுதிவிட்டேன். இறுதியாட்டத்துக்கு முன் எதிரணியினர் மறித்தார்கள்.

"ஆர் இவர்? எந்த ஊர்?"

"முந்திக் கப்பலிலை போன சனம்" என்றேன்.

"அது சரி. உங்கடை ஊரிலை ஆரைக் கட்டினவர்?"

இரண்டு மணிநேரம் கதைத்தார்கள். ஒன்றும் விளங்காமல் கெல்வின் புல்லில் இருந்து, கையுறையை விலக்கி விலக்கி மணிக்கூட்டைப் பார்த்தான். கடைசியில், "தமிழ்ப் பேர்தானே, விடுங்கோ" என்றார்கள். மணி ஆறு.

போகிறாயா என்று கேட்டேன். போய்விடுவானோ என்ற பயம் என் முகத்தில் இருந்திருக்கும். அவன் எழும்பிப் போய்க் கோலில் நின்றான்.

கிண்ணம் எங்களுக்குத்தான். திரும்பும்போது கார் வானொலி சொன்னது: பத்துப் பேரோடு ஆடியும் அவனுடைய தீவு கோல் விடவில்லை, சமநிலை. வழியில் ட்வெய்ட்டாவில் காரை நிறுத்தச் சொன்னான். கடைத்தொகுதி வாசலில் நின்று அழுதான். சந்தோஷமா, பார்க்காமல் போன துக்கமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கையுறை காரிலேயே கிடந்தது.

அடுத்த வருடம் அவன் தீவுக்குத் திரும்பிவிட்டான். சுற்றுப்போட்டியும் ஆளில்லாமல் நின்றுபோனது. எங்கள் பிள்ளைகள் நோர்வேக் கழகங்களில் ஆடுகிறார்கள். எந்த ஊர் என்று எவரும் மறிப்பதில்லை. அந்தக் கிண்ணம் யார் வீட்டில் இருக்கிறதென்றும் தெரியவில்லை.

எங்கள் ஆட்களின் மூன்று மணி எத்தனை மணி என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். கெல்வினுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.