லூர்தம்மா இறங்காத சுரம்

டேனிஷ் ஊரான சில்க்போர்க்கின் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் லூர்தம்மாவைப் பகைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்களை நான் பார்த்ததில்லை. மட்டக்களப்பில் கோயில் பாட்டில் வளர்ந்த குரல். இங்கே ஊர்ப் பாடகர் குழுவில், பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் நிற்கிறாள்.

குழுத் தலைவி கிர்ஸ்டன் இந்த வருடம் ஒரு மட்ரிகல் எடுத்தாள். நானூறு வருடப் பழைய இத்தாலியப் பாட்டு. வாத்தியம் கிடையாது, குரல்கள் மட்டும்தான். சொல் எதைச் சொல்கிறதோ இசையும் அதையே செய்யும். 'சிரிக்கிறாய்' என்றால் குரல்கள் துள்ளி ஓடும். 'கொடியவளே' என்னும் இடத்தில் லூர்தம்மா ஒரு சுரத்தைப் பிடித்து நிற்க, மேல்குரல் பாடும் றஜனி அடுத்த சுரத்தில் வந்து உரசுவாள். காது கூசும். லூர்தம்மா ஒரு படி இறங்கியதும் அந்த வலி தீரும். அடுத்த சொல் 'தனியே'. அதை எல்லோரும் வாய்மூடி நிற்க ஒருத்தி மட்டும் பாடவேண்டும்.

அந்தச் சொல்லைப் பாடுகிறாயா என்று கிர்ஸ்டன் லூர்தம்மாவைத்தான் கேட்டாள். "ஐயோ, நான் எதற்கு? வேறு யாராவது பாடட்டும்" என்றாள் இவள். நம் ஆட்கள் தேநீரைக்கூட முதல் தடவை கேட்டதும் வாங்கமாட்டார்கள்; இன்னொரு தடவை கேட்கவேண்டும். டேனிஷ்காரருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கிர்ஸ்டன் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். உடனே, "நான் பாடுகிறேன்" என்று றஜனி முந்திக்கொண்டாள்.

"கிர்ஸ்டனுக்குத் தெரியாது, சரி. இந்த றஜனிக்குமே தெரியாது? எங்கட ஆள்தானே!" வீட்டில் லூர்தம்மா கொதித்தாள்.

"விடுமப்பா" என்றார் கணவர் கிறிஸ்துநாயகம்.

"விடமாட்டன். அந்தச் சொல்லிலையே அவளைத் தவிக்க விடுறன், பாருங்கோ."

கச்சேரியில் 'கொடியவளே' வந்தது. றஜனி வந்து உரசினாள். லூர்தம்மா இறங்கவில்லை. றஜனியின் முகத்தைப் பார்த்தபடியே பிடித்து நின்றாள். வலி தீராமலே எல்லாக் குரல்களும் நின்றன. றஜனிக்குச் சுரம் பிடிபடவில்லை. நடுங்கி, உடைந்து, போக இடமில்லாத குரலில் 'தனியே' என்றாள். லூர்தம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஆனால் மண்டபமே உருகியது. முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். பூச்செண்டும் றஜனிக்கே போனது. "அந்தச் சொல்லின் பொருள் இன்றுதான் எனக்குக் கேட்டது. எஸ்பியர்க் நகரப் போட்டியிலும் இப்படியே பாடு" என்றாள் கிர்ஸ்டன். லூர்தம்மா தானே குழி தோண்டி, அதில் றஜனிக்கு மேடையும் போட்டுக் கொடுத்துவிட்டாளே!

அடுத்த ஒத்திகையில் லூர்தம்மா ஒழுங்காக இறங்கினாள். றஜனியின் 'தனியே' சுத்தமாக, சப்பென்று வந்தது. கிர்ஸ்டன் முகம் சுளித்தாள். வேண்டுமென்றே நடுங்கிப் பார்த்தாள் றஜனி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இடைவேளையில் அவளே வந்தாள். "அக்கா, அண்டைக்குக் கச்சேரியில பிடிச்ச மாதிரியே அந்தச் சுரத்தைப் பிடியுங்கோவன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"எழுதிக் கிடக்கிறபடிதானே பிள்ளை பாடவேணும்?" என்றாள் லூர்தம்மா, தேன் சொட்டச் சொட்ட.

எஸ்பியர்க்கில் நடுவர்கள் முன்னால் 'கொடியவளே' வந்தபோது, றஜனி ஓரக்கண்ணால் கெஞ்சினாள். லூர்தம்மா சரியான இடத்தில் ஒரு படி இறங்கினாள். எந்தக் கோயிலிலும் அவள் அத்தனை இனிமையாகப் பாடியதில்லை.