ஜெயசுதா அக்கா அழித்த ஆறு மெயில்கள்

2004ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு புதன்கிழமை வீரமுத்து மலேசியாவுக்குப் புறப்பட்டான். வழியனுப்பக் கல்வராயன் மலையிலிருந்து கூடவே இறங்கி வந்திருந்தார் அவன் அம்மா பாப்பாத்தி. பஸ் ஏறுவதற்கு முன் அவரைக் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனான். அங்கே வேலை பார்த்தவர் ஜெயசுதா அக்கா.

"அக்கா, எங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. மலையில போனும் இல்ல. உங்க சென்டர் மெயிலுக்கே எழுதறேன். படிச்சிக் காட்டுங்க."

அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான்கு கம்ப்யூட்டர், சொந்த முகவரி இல்லாத எல்லோருக்கும் சென்டரின் ஒரே முகவரிதான். காலையில் வெளிநாட்டில் இருப்பவர்களின் மனைவிமார் வந்து, பக்கத்தில் கேட்காதபடி மெதுவாகப் படிக்கச் சொல்வார்கள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்காரர் ஒருவர் கிரிக்கெட் ஸ்கோருக்கு மட்டும் வருவார். சாயங்காலம் கல்லூரிப் பையன்கள் பிளைவுட் தடுப்புக்குள் மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்து, பெண் பேரில் சாட் செய்வார்கள். ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று ஒரு பெண் நம்பரை மாற்றிச் சொல்லி, யாரோ ஃபெயிலானதற்கு அழுதாள்.

பாப்பாத்தி மாதம் இரண்டு முறை கடுக்காய் விற்க இறங்கி வருவார். வீரமுத்து தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருப்பான். அக்கா தடுமாறித் தடுமாறிப் படிப்பார்.

"இன்னா கண்ணு, எம் புள்ள பேசற மாரியே இல்ல? போன எடத்துல திக்குவாய் ஆயிட்டானா?"

தடுப்புக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது.

"தமிழ் எழுத்துலயே எழுதச் சொல்லு கண்ணு."

அக்கா அப்படியே பதில் போட்டார். அதற்குப் பிறகு அவனிடமிருந்து எதுவும் வரவில்லை.

முந்தின மாதம்தான் வைரஸ் வந்து நான்கு கம்ப்யூட்டரும் படுத்திருந்தன. "தெரியாத அட்ரஸ்லர்ந்து புரியாத எழுத்து வந்தா தொறக்காத. அழிச்சிடும்மா" என்று ஓனர் காசிநாதன் சொல்லியிருந்தார். அப்படி ஆறு மெயில்கள் வந்தன. ஆறையும் அக்கா அழித்தார். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு இடத்துக்கு ஒன்றாக இருந்தது. மலேசியாவில் அடித்த தமிழ், அதே எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத்தான் தெரியும். அது அக்காவுக்குத் தெரியாது. தமிழில் எழுதவென்று அவன் வேறு முகவரிக்கு மாறியிருந்ததும் தெரியாது. பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருந்தார்.

பாப்பாத்தி வருவது நிற்கவில்லை.

"இன்னிக்காச்சும் எதுனா வந்துகீதா?"

"இல்லம்மா."

"வேல ஜாஸ்தியா இருக்கும். நீ மூஞ்சத் தூக்கி வெச்சிக்காத."

நாலரை வருடம் இப்படியே போனது. 2009இல் சாமை அறுப்பு முடிந்த வாரம் பாப்பாத்தி இறந்துபோனார். கடைசி முறை வந்தபோதும் படியேறி மேலே வந்துதான் கேட்டாராம்.

அக்கா இப்போது திருநாவலூரில் இ-சேவை மையம் நடத்துகிறார். அந்தக் காலத்தில் சென்டருக்கு வந்துபோன நான் ஊர் திரும்பியபோது, மூன்று மாதத்துக்கு முன் போனில் வந்த இந்த மெசேஜைக் காட்டினார். இன்னும் பதில் போடவில்லை.

"ஜெயசுதாக்கா, நான் வீரமுத்து. மலையில உங்க நம்பர் குடுத்தாங்க. இங்க ஒரு பொண்ண கட்டிக்கட்டுமான்னு அம்மாவ கேட்டு தமிழ்ல ஆறு மெயில் போட்டேன். பதில் வரல. அம்மாவுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சிக்கினு, அப்புறம் கட்டிக்கினேன். அம்மா இருந்தவரைக்கும் மூஞ்சி காட்ட தைரியம் வரல. நீங்க படிச்சிக் காட்டினப்போ அம்மா இன்னா சொல்லிச்சி? திட்டியிருந்தாலும் பரவால்ல, அப்படியே சொல்லுங்க."