பீலிக்கு மேலே வைத்த கல்

நான் போதகராக இருக்கும் சிற்றாலயத்தில் பதினான்கு பெஞ்சுகள். போன வருடம் வரை ஒன்பது நிறையும். இப்போது முதல் பெஞ்சே போதும். அதிலும் கால் நீட்டி உட்காரலாம்.

காரணம் ஒரு கல். பசறைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பீலிக் குழாய் வழியே தண்ணீர் தரும் ஊற்று மெலிந்துகொண்டே வந்தது. சுற்றியிருந்த மரங்கள் விறகாகிவிட்டன. விகாரையின் பிக்கு நாவல் கன்றுகள் கொடுத்தார். பதுளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் வேலிக்குக் கம்பி அனுப்பினார். இருபது கன்று நட்டேன். முதலில் கம்பி களவு போனது, பிறகு கன்றுகள். காலையில் போய் எண்ணுவேன். எட்டு என்று வந்த அன்று தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் போய்ப் புலம்பினேன்.

அவர் சிரித்தார். "கம்பிய நம்பி என்னாங்க ஃபாதர் செய்யறது? கவ்வாத்துக்கு முந்தி மலையில ஒரு கல்ல வச்சுக் கும்புடுறோமே, அதுல யாராச்சும் கை வைக்கிறாங்களா?"

தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் முன் கத்திகளைக் கல்லின் முன் வைத்துக் கும்பிடுவது இங்கே வழக்கம். "சரி, வைங்க" என்றேன். அவருக்கு இடுப்புவலி. கல்லைத் தூக்கிக்கொண்டு ஊற்றடிக்கு ஏறியவன் நான். குங்குமம் அவர் வைத்தார்.

எட்டுக் கன்றும் நின்றன. சபை நிற்கவில்லை. சபை மூப்பர் ஆலய வாசலிலேயே மறித்தார்.

"கல்லுச் சாமிய சொமந்த கையால எங்களுக்கு அப்பம் குடுப்பீங்களோ?"

"நான் கும்பிடலையே ஐயா, தூக்கினேன்."

"காவடி எடுக்கிறவனும் தூக்கத்தான் செய்றான், ஃபாதர்."

அந்தப் பதில் இன்னும் என்னை அரிக்கிறது.

இந்த வெயில் காலத்தில் பீலி வற்றவில்லை. கன்றுகள் இடுப்பளவுதான், அவற்றாலா, முன்னே பெய்த மழையாலா, தெரியாது. சனிக்கிழமை அங்கே போனேன். ஆலயத்தில் பாட்டுத் தொடங்கித் தரும் பெண், வராமல் நின்றவர்களில் ஒருத்தி, வாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி நல்லா வருதுங்க ஃபாதர்."

"நாளைக்கு வாங்களேன், தங்கச்சி."

வாளியையே பார்த்தபடி நின்றாள். "பாக்கலாங்க."

ஞாயிறன்று ஏழு அப்பம் எடுத்துவைத்தேன்: வழக்கமாக வரும் ஐவருக்கு, எனக்கு, அவளுக்கு. பாட்டை நானே தொடங்கினேன், சுருதி சேரவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே நீட்டி ஜெபித்தேன். ஐவர்தான்.

திருவிருந்தில் மீந்ததை வைத்திருக்கக் கூடாது, போதகரே உண்ண வேண்டும் என்பது முறை. இரண்டாவது அப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு, அவர்கள் ஐவரும் படியிறங்கிப் போவதைப் பார்த்து நின்றேன்.